ஹீமோகுளோபின் ஒன்பது

மார்ச் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, அதனால் இனி கடிதம் என்று நீ செய்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். இதில் யாரும் குறுக்கே பேச முடியவில்லை.

உன் இரத்த வங்கியின் சர்வர் தயார். அலமாரி நோட்டுகளில் கிடந்த பதினோராயிரம் கொடையாளர்களும் டேட்டாபேஸில் ஏறிவிட்டார்கள். அவசரப் பிரிவில் இருப்பவர், "பி நெகட்டிவ், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆனவர், பக்கத்தில் யார்?" என்று கேட்டால், கேள்வியை வாங்கிப் பதில் தரும் நிரலான ஏபிஐ அரை நொடியில் பெயரும் எண்ணும் தரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். நம் வீட்டில் இல்லாத பழக்கம்.

ஏப்ரல் முதல் தேதி நான் வீடு திரும்புவதாகப் பேசியிருக்கிறோம். ஒரு வருடம் தனியாக இருந்ததில் சமையல்கூடக் கற்றுக்கொண்டேன். எச்சரிக்கிறேன்.

உன் இன்ஜினியர்

மார்ச் 9

அன்புள்ள இன்ஜினியருக்கு,

சர்வர் ஓடுகிறது. நேற்று பிரசவ வார்டுக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. இருபதே நிமிடத்தில் ஆள் வந்து படுத்துவிட்டார். நம் லேப் டெக்னீஷியன், "மேடம், முன்னாடியெல்லாம் நோட்டைப் புரட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்கே ரத்தம் ஏத்தணும்போல இருக்கும். சார் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்!" என்றார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

நாம் ஏன் பிரிந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கே போனாய், யாரிடம் பேசினாய் என்று நீங்கள் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. என் போனைத் திறந்து பார்த்துக்கொண்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இனி பார்க்கமாட்டேன் என்றீர்களே, அதை நம்பித்தான் ஏப்ரல் ஒன்றுக்குச் சம்மதித்தேன்.

சர்வருக்கும் அதே பேச்சுதான். ஊரார் உடம்பு விவரம் இருக்கிற இடம் அது. உள்ளே நுழைய உங்களுக்கு ஏதாவது வழி மிச்சமிருந்தால், அடைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு உங்கள்,
டாக்டர்

மார்ச் 16

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ஒரு வழியும் மிச்சமில்லை. எல்லாச் சாவியும் உன்னிடம்தான். நான் திருந்திய மனிதன். அலுவலகத்தில்கூடச் சொல்கிறார்கள்.

ஒன்றே ஒன்று. உடம்பைப் பார்த்துக்கொள். ஹீமோகுளோபின் ஒன்பது என்பது விளையாட்டில்லை. டாக்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இரும்புச்சத்து மாத்திரையை வேளை தவறாமல் போடு. இதைப் போய் என்னிடம் மறைப்பாயா?

உன் இன்ஜினியர்

மார்ச் 20

இன்ஜினியருக்கு,

என் ஹீமோகுளோபின் பதின்மூன்று. நன்றாக இருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி, கொடையாளர் பட்டியலில் உள்ள என் சொந்தப் பதிவில் அதை ஒன்பது என்று மாற்றினேன். மறுநாள் சரிசெய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டெக்னீஷியனுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சர்வருக்கு யார் எப்போது என்ன கேள்வி அனுப்பினார்கள் என்று பார்ப்பது எப்படி என்பதை நீங்களே எழுதிக் கொடுத்திருந்தீர்கள். தெளிவான குறிப்பு. 'பராமரிப்பு' என்ற பெயரில் ஒருவர் வெளியூரிலிருந்து உள்ளே வந்து, என் பதிவைப் பற்றியும் நான் தினமும் சர்வரில் நுழைந்து வெளியேறிய நேரத்தைப் பற்றியும் நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறார். ஏழு வருடக் குடித்தனத்தில் நீங்கள் என்னிடம் நேரில் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

'பராமரிப்பு' கணக்கை நேற்று நீக்கினேன். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றி, சர்வரை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். ஆறு நிமிடம் ஆனது. பிறகு அவசரப் பிரிவிலிருந்து முதல் கேள்வி வந்தது, பதிலும் போனது. வேலையை உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் இல்லாமலும் ஓடுகிறது.

ஏப்ரல் முதல் தேதி வர வேண்டாம்.

நீங்கள் நலமா? இப்படித்தான் கேட்பார்கள். பதில் எழுத வேண்டாம்.

டாக்டர்