ஜெல்லி அச்சின் உட்புறம்

சீடர் சிட்டி,
ஏப்ரல் 9, 1974

அன்புள்ள லாமர்,

நலம். வயிற்றில் இருப்பதும் நலமாக உதைக்கிறது. உன் புத்தி அதற்கு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றே என் கவலை.

நீ சால்ட் லேக்கிலிருந்து அனுப்பிய போட்டோ வந்தது. கம்ப்யூட்டர் திரைக்கு எதிரே கேமராவை நிறுத்தி, அது ஜெல்லியைக் கோடு கோடாக வரைந்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாயாமே. எதை எடுத்தாய்? குன்றுபோல் எழுந்து நிற்கவேண்டிய ஜெல்லி குழி விழுந்து கிடக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "என் செம்பு அச்சை மாப்பிள்ளை வாங்கிட்டுப் போனது இதுக்குத்தானா? நாய்க்குத் தீனி வைக்கிற கிண்ணமாட்டம்ல இருக்கு" என்றாள். சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

மெஷினில் கோளாறு என்று எழுத உனக்கு வெட்கமாக இல்லை? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சுரங்க ஆபீஸில் நீ உதறிவிட்டுப் போன வரைபட மேசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உன் பழைய மேலாளர் டெல்பர்ட் சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பொம்மை போட்டு வெளையாடினது போதும், திங்கக்கிழமை வந்துடச் சொல்லும்மா" என்றார். வியாழக்கிழமை நீ காட்டும் படம் உன் பேராசிரியருக்குப் பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் லேபில் உனக்கு இடமில்லை, இங்கே வந்துவிடுவாய். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பாய். எனக்கு வேண்டியதும் அதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. ஜியாமெட்ரி டீச்சருக்குத் தப்பைத் திருத்தாமல் சாப்பாடு இறங்காது.

அட மண்டூகமே, ஜெல்லியின் வெளிப்பக்கம்தானே அச்சின் உட்பக்கம்? நீ அளவெடுக்க அச்சுக்குள் தலையை விட்டு, உள்சுவர் முழுக்க முக்கோணங்கள் போட்டு, உள்ளே பார்த்தபடியே மூலைகளை இடஞ்சுழியாக எண்ணியிருக்கிறாய். வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது வலஞ்சுழி. வலஞ்சுழி என்றால் முதுகுப் பக்கம், மெஷின் அதை வரையாமல் தள்ளிவிடும் என்று எனக்குப் பாடம் நடத்தியவனே நீதான்! முன்பக்கத்தை முழுக்கத் தள்ளிவிட்டது. மிச்சம் தெரிவது பின்சுவரின் உட்புறம். என் ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சுகூட இப்படிச் சொதப்பாது.

ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு மூலைகளை எண்ணும் வரிசையில் இடம் மாற்று. அவ்வளவுதான்.

அந்த மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி டெல்பர்ட்டிடம் சொல்லிவிட்டேன். பிரசவத்துக்கு அம்மா இருக்கிறாள். வியாழக்கிழமையாவது முகம் மழித்துக்கொண்டு போ. கடவுள் உன்னோடு இருக்கட்டும். படம் சரியாக வந்தால் போன் மட்டும் செய்யாதே, லாமர். உன் குரலைக் கேட்டால் வந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மனைவி
வெர்டா