எலுமிச்சம்பழத்துக்கு வாங்கிய கடன்

தாராவி, பம்பாய்
1944, மார்கழி மாதம்

என் மகன் சிரஞ்சீவி பிச்சையாவுக்கு உன் தகப்பன் பூலோகம் சொல்லி எழுதுவது. முப்பிடாதி அம்மன் புண்ணியத்தில் நானும் உன் பெண்சாதி பேராச்சியும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஜபல்பூரில் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டால் நீ ராஜா மாதிரி இருக்கிறாய். உன்னைக் கண்ணால் பார்த்தவன் சொல்வது வேறாக இருக்கிறது.

இதைத் தபாலில் போடவில்லை. உன் பட்டறையில் வேலை செய்கிற ஷாகுல் ஹமீது லீவில் வந்திருக்கிறான் அல்லவா, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் சங்கதி ஒன்றையும் வீட்டில் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். அவன் மேல் கோபப்படாதே. பேராச்சி அவனுக்குக் கம்பங்கூழைக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் கூழில் அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொல்லலன்னு வச்சுக்கிடுங்க மாமா" என்று ஆரம்பித்தான்.

அஸ்ஸாம் பக்கம் காட்டில் ரோடு போட ஒரு காண்டிராக்டர் ஆள் பிடிக்கிறானாம். நூறு ரூபாய் முன்பணமாம். தை பிறந்ததும் கையெழுத்துப் போட்டுப் பணத்தை இங்கே அனுப்பிவிட்டு நீ ரயிலேறப் போகிறாயாம். போன முறை போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று ஷாகுல் சொல்லும்போது பேராச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மகனே, மற்றதையெல்லாம் மெதுவாகப் படித்துக்கொள். இதை மட்டும் முதலில் படி. அந்தக் கையெழுத்தைப் போடாதே.

நான் சொல்லச் சொல்லப் பேராச்சிதான் எழுதுகிறாள். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் ஆனதால் ஒவ்வொரு எழுத்தும் இட்டிலி அளவு இருக்கிறது. தாள் போதாதென்று ஷாகுல் ஓடிப்போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தான். சில இடத்தில் "இதெல்லாம் எதுக்கு மாமா" என்று பேனாவை வைத்துவிடுகிறாள். நான் விடவில்லை.

உனக்குக் கடன் என்றால் தலை குனிகிறது. எனக்கு அப்படி இல்லை. ஏன் என்று சொல்கிறேன் கேள். நம் ஊர்க்காரர்கள் கூடி இங்கே அம்மனுக்குக் கொடைத் திருவிழா எடுத்தார்களே, அந்த வருஷம் அம்மன் மடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டார்கள். உனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஒரு ரூபாயில் தொடங்கிய ஏலம் நீ வேலை பார்த்த தோல் கிட்டங்கி மேஸ்திரி தளவாய்க்கும் உனக்குமாக நின்றது. அவன் ஐம்பது என்றான். நீ அறுபது என்றாய். மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தான். உன் சம்பளம் அன்று இருபத்தைந்து.

அதுவரைக்கும் தப்பில்லை. ஏலத் தொகையை அடுத்த கொடைக்குள் கொடுத்தால் போதும் என்பது நம் வழக்கம். ஒரு வருஷத்தில் எப்படியாவது புரட்டியிருப்போம். ஆனால் தளவாய், "ஏலே பிச்சையா, துட்டு மடியில இருக்கா, இல்ல ஆத்தாளுக்கும் கடனாலே?" என்று சபையில் கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பந்தல் பிரிக்கும் முன்னே வட்டிக்கு விடுகிற பட்டாணியன் கானிடம் ரூபாய்க்கு இரண்டணா மாச வட்டிக்கு அறுபது வாங்கிக்கொண்டு வந்து தாம்பாளத்தில் வைத்தாய். அம்மன் கேட்காத அவசரம் அது. பிறகு பேராச்சி பிரசவத்துக்கு நாற்பது. ஆக நூறு. மாசம் பன்னிரண்டரை ரூபாய் வட்டிக்கே போனது. முதல் அசையவே இல்லை.

அந்தப் பழத்தைப் பேராச்சி தோலோடு கடித்துத் தின்றாள். முகம் சுளிக்கக் கூடாது என்று பெண்டுகள் சொன்னார்கள். சுளிக்கவில்லை. இதை எழுதும்போது சிரிக்கிறாள். சுளித்தாளாம், முந்தானையை வைத்து மறைத்துக்கொண்டாளாம். அடுத்த கொடைக்கு இந்த ஒற்றை அறைக் கோலியில் ஒரு பிள்ளை அழுதது. நீ வாங்கிய கடன் இப்போது என் மடியில் ஏறி உட்கார்ந்து என் காதில் இருக்கிற மயிரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. இதை நஷ்டம் என்று யாராவது சொன்னால் அவனோடு நான் சண்டைக்குப் போவேன்.

சம்பள நாளன்று தோல் கிட்டங்கி வாசலில், தளவாய் பார்த்துக்கொண்டிருக்கக் கான் உன் சட்டையைப் பிடித்தான் என்பது எனக்கு அன்று சாயங்காலமே தெரியும். நீ சொல்வாய் என்று இருந்தேன். நீ சாப்பிட்டாய், பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தாய், விடிந்தபோது இல்லை. போகட்டும்.

வீடு எப்படி நடக்கிறது என்று உனக்கு யோசனையாக இருக்கும். நன்றாக நடக்கிறது. நான் கிட்டங்கியில் காவலுக்கு உட்காருகிறேன், இருபத்திரண்டு ரூபாய். பேராச்சி பட்டாளத்துச் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள், டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. உன் அம்மாளின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறோம். கோலி வாடகைக்கு ஒன்று, ரேஷனுக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கும் விறகுக்கும் ஒன்று, கானுக்கு ஒன்று. ஒரு முடிச்சை அவிழ்த்து இன்னொன்றுக்குப் போடுவதில்லை. மண்ணெண்ணெய் முடிச்சு காலியானால் மிச்ச நாளைக்கு இருட்டில் சாப்பிடுவோம். அதற்காகவே முள் இல்லாத மீனாகப் பார்த்து வாங்கிவிடுகிறாள். என் பீடியும் அவள் கையில்தான். காலையில் பாதி, மாலையில் பாதி என்று கிள்ளித் தருகிறாள். பிறந்த வீட்டில் சர்க்காரே நடத்தியிருப்பாள் போலிருக்கிறது.

ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தள்ளிவிடுகிறார்கள். பேராச்சி அதைப் வடக்கத்திப் பால்கார பையா வீட்டில் கொடுத்துவிட்டு அவர்களுக்கு வேண்டாத அரிசியை வாங்கிக்கொள்கிறாள். இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். போன மாசம் ரேஷன் கார்டு சரிபார்க்க ஒரு ஆபீசர் வந்தார். இந்தப் பெயர்க்காரன் எங்கே, ஊரில் இல்லையென்றால் பெயரை அடித்துவிட வேண்டும் என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே பேராச்சி, "வேலைக்குப் போயிருக்காவ, வந்துருவாவ" என்றாள். அவர் போன பிறகு, ஏன் தாயி பொய் சொன்னாய் என்று கேட்டேன். "நான் என்ன பொய் சொன்னேன்?" என்று என்னையே கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லைதான்.

இப்போது கான் சங்கதி. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தான். நான் வீட்டில் இல்லையென்று சொல்லிவிடவா என்று பேராச்சி கேட்டாள். வேண்டாம், வாளியைக் கவிழ்த்துப் போடு, உட்காரட்டும் என்றேன். நீ பழகியவன்தானே, அவனுக்குத் தமிழில் இரண்டு வார்த்தைதான் தெரியும், துட்டு, நாளைக்கு. நாளைக்கு என்பதை நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். உன் மகள் அவனைப் பார்த்துப் பயப்படாமல் இந்துஸ்தானியில் உட்காருங்கள் என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் வட்டி எவ்வளவு உயரமாக வளர்ந்துவிட்டது என்று அவன் பாஷையில் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கும் எழுதத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் மனசிலிருந்தே கணக்குப் பார்த்தோம். கிட்டங்கிக் கூரை பறந்த மழையில் நீ கொடுத்தது, பேராச்சிக்கு இடுப்பு வலி எடுத்த அன்று கொடுத்தது, துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பம்பாயே அதிர்ந்ததே அந்த வாரம் கொடுத்தது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தாடியைத் தடவித் தலையாட்டினான். பெருநாள் அன்று நீ கொடுத்த ஏழரை ரூபாயில் மட்டும் தகராறு வந்தது. அது வட்டி என்றேன். இல்லை, பெருநாளுக்குப் பிச்சையா எனக்குக் கொடுத்த அன்பளிப்பு என்றான். கடன்காரன் எவனாவது கடன் கொடுத்தவனுக்கு அன்பளிப்புக் கொடுப்பானா என்று கேட்டேன். உன் மகன் கொடுப்பான் என்றான். பாதி வட்டி, பாதி அன்பளிப்பு என்று தீர்த்துக்கொண்டோம்.

நூறு வாங்கி முந்நூறுக்கு மேல் கொடுத்திருக்கிறாய். அதை அவனே ஒத்துக்கொண்டான். இனி வட்டி இல்லை, முதல் நூறு மட்டும், மாசம் ஐந்து ரூபாய் என்று பேசி முடித்தேன். முதல் ஐந்தை அங்கேயே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். ஷாகுலும் பக்கத்தில் இருந்தான், கேட்டுக்கொள். கான் ஒன்றும் தர்மராஜன் இல்லை. ஓடிப்போனவனிடம் ஓரணாவும் தேறாது, உட்கார்ந்திருக்கிறவனிடம் ஐந்தாவது தேறும் என்று அவனுக்குத் தெரியும். நானும் சொன்னேன், கான்சாகிப், நான் ஓடுவேன் என்று பயப்படாதீர், என் முழங்கால் உமக்கு ஜாமீன் என்று. அவனுக்கு ஒரே சிரிப்பு. அப்படியே பழகிப்போய் ஒரு முழு பீடி கொடுத்தான். பேராச்சி பார்க்கவில்லை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது பார்த்தேன் என்கிறாள்.

ஆகவே இனி மணியார்டர் அனுப்பாதே. நீ முப்பது முப்பதாக அனுப்பியபோது, கூலிக்காரனுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று நான் நினைக்காமல் இல்லை. கேண்டீன்காரனிடம் வட்டிக்கு வாங்கித்தான் அனுப்பினாய் என்றும், கம்பளியை விற்றுவிட்டு ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்றும் ஷாகுல் சொன்ன பிறகு, கடைசியாக வந்த முப்பதை நாங்கள் தொடவில்லை. அது ஷாகுல் கையில் திரும்பி வருகிறது. கேண்டீன்காரனுக்குக் கொடுத்துவிடு. முன்னால் வாங்கியதில் பாக்கி நிற்பதை இங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல், ஷாகுல் பொறுப்பு ஏற்கிறேன் என்றிருக்கிறான். டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் வருகிறது. அது பொத்தான் கூலியில் பேராச்சி எனக்கும் தெரியாமல் சேர்த்தது. எதற்காகச் சேர்த்தாய் என்று கேட்டேன். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டாள். திரி நன்றாகத்தான் எரிகிறது.

கிட்டங்கியில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிக்கு ஆள் வேண்டும் என்று தளவாய் நேற்று என்னிடம் வந்தான். "ஓம்மவன வரச் சொல்லும் பெரியவரே, பழைய கூலிதான், ஆனா பழைய வீராப்பு வேண்டாம்" என்றான். வீராப்பை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், நீ ஆளை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் உழைத்தால் இந்த நூறு ஒரு கஷ்டமா? உழைக்கிறவன் அஸ்ஸாம் மண்ணுக்குள் இருந்தால், கான் எனக்கு ரசீது போட்டுக் கொடுத்தாலும் அதை வைத்து நான் என்ன செய்வேன்?

வெளியூர் போன ஆண்பிள்ளை வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. அதனால்தான் நீ அங்கே கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் மகள் நேற்று, "அப்பா வரும்போது என்ன கொண்டாருவாவ?" என்று கேட்டாள். நான் பொம்மை, பேரீச்சம்பழம் என்று அளந்துகொண்டிருந்தேன். பேராச்சி தைக்கிற தையலிலிருந்து தலை நிமிராமல், "ஒண்ணும் கொண்டார மாட்டாவ. அவுக வருவாவ" என்றாள். பிள்ளை அது போதுமென்று தூங்கிப்போனது.

தாதரில் இறங்கி நடந்து வா. சந்து வழியாக ஒளிந்து வர வேண்டாம். கிட்டங்கி வாசல் வழியாக, தளவாயும் கானும் பார்க்கட்டும், நடுரோட்டில் வா. கையில் ஒரு பொட்டலமும் வேண்டாம். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வீட்டுக்கு வா மகனே. அந்தக் கைகளை அம்மன் காப்பாற்றுவாள். தை பிறக்கும் முன்னே வந்துவிடு.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் தகப்பன்
பூலோகம்

எழுதியது பேராச்சி