உப்பு மேல் உப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் உடம்பு தேறி வருகிறது, கை நடுக்கம் குறைந்திருக்கிறது என்று மறுவாழ்வு நிலையத்திலிருந்து எழுதியிருந்தார்கள். நீ குடியை விட்டு ஐம்பத்திரண்டு நாள் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். அங்கே போனில் பேச விடாததும் ஒரு வகையில் நல்லதுதான். பேச விட்டிருந்தால் இந்தக் கடிதத்தில் இருப்பதை நான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் மனைவிக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது. குட்டியைப் பள்ளியிலிருந்து நான்தான் அழைத்து வருகிறேன். காலை ஆறு மணிக்கே எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரிசை நின்றுவிடும். மத்தியானம் வரை ஊசி குத்திக் குத்தி, இப்போதெல்லாம் என் கண்ணுக்கு மனிதர்களே தெரிவதில்லை, நரம்புதான் தெரிகிறது. அதன் பிறகு உன் வீடு, குட்டிக்குச் சாப்பாடு, உன் மீன்தொட்டி. ஒரு நாள் தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். "அத்தை, முகமூடிங்க உங்களையே பாக்குதுங்க" என்று குட்டிதான் தட்டி எழுப்பினாள். மஞ்சள் உடம்பில் கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை இருப்பதால், உன் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அவள் வைத்த பெயர் அது.

தம்பி, அந்த ஜோடியில் சின்னது செத்துப்போய்விட்டது.

தப்பு என்னுடையது. தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் நீ வைத்துவிட்டுப் போன உப்பைக் கலந்து ஊற்றினேன். கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே என்று நினைத்தேன். நீ ஒட்டிவைத்த சீட்டில் 'குறைந்தால் ஊற்று' என்று மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு உன் கை இருந்த நிலையில் அதற்கு மேல் எழுதியிருக்க முடியாது. ஐந்து வாரம் இப்படியே போனது. பிறகு இரண்டும் மேலே மேலே வந்து மூச்சு வாங்கின. தீனிக்குப் போட்ட சிப்பிச் சதையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்துபோய் வளர்ப்பு மீன் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு, "தண்ணி மட்டுந்தாம்மா ஆவியாப் போகும், உப்பு உள்ளேயேதான் இருக்கும். குறைஞ்சா நல்ல தண்ணி விடணும். நீங்க உப்பு மேல உப்பாப் போட்டிருக்கீங்க" என்றார். அடுத்தவர் ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று தினமும் அளந்து சொல்கிறவள் நான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரேயடியாகக் குறைத்தாலும் மீன் தாங்காதாம். அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். மூன்றாம் நாள் நான் போவதற்குள் சின்னது அடியில் கிடந்தது.

உன் மனைவிதான், "அவருக்குச் சொல்லாதீங்க அண்ணி, இதைக் கேட்டா அங்கேயே இடிஞ்சு போயிடுவார். அதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டுடலாம்" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. "ஜோடி அதுங்களாப் பாத்துத்தாம்மா சேரும், நாம சேத்து வைக்க முடியாது" என்று கடைக்காரர் எச்சரித்தும் வாங்கிவந்து தொட்டியில் விட்டோம். நம் பெரியது இருக்கிறதே, எவ்வளவு சாது! அது தலையைத் தாழ்த்தி, முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு புதியதைத் துரத்தியது. ஒரு மணி நேரத்தில் புதியதன் வால் கிழிந்து தொங்கியது. குட்டி அழுத அழுகையில் அதைத் திரும்பப் பிடித்து, மூடி போட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கடைக்குப் போனேன். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி என் சேலை நனைந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த குட்டியிடம், "ரெண்டு முகமூடியும் நல்லா இருக்குன்னு எழுது" என்று நான் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நானும் சொல்லணுமா அத்தை?" என்று கேட்டாள். அந்த 'நானும்' என்ற ஒரு சொல் என்னை விடவில்லை.

உனக்காக நான் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. உன் சூப்பர்வைசரிடம் ஒரே மாதத்தில் உனக்கு மூன்று முறை வயிற்றுப்போக்கு வரவழைத்திருக்கிறேன். மனுஷனுக்கே சிரிப்பு வந்திருக்கும். சிரிக்க முடியாதது ஒன்றும் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உன்னைக் கேட்டாள். நீ எங்கே விழுந்து கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். வேலையிலிருந்து கிளம்பிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னேன். அவள் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள். உன்னிடம் வந்து, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் தேடவில்லை என்றேன். அது பொய். இதைப் படித்து நீ என்ன ஆவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, தம்பி.

பெரியது நாலு நாள் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. நேற்று சிப்பிச் சதையை ஒரு கொத்து கொத்தித் துப்பியது. மறுபடி கொத்தியது. பிழைத்துவிடும் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்குத் தெரியவில்லை. நல்ல தண்ணீர்தான் விடுகிறேன், அளந்து பார்த்து. குட்டியும் தன் கடிதத்தைத் தன் இஷ்டப்படி எழுதி இதோடு வைத்திருக்கிறாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

என் மேல் கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது. அழுகை வந்தால் அழு. அங்கே இருக்க முடியவில்லை, கிளம்பிவிடலாம் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது. எழுதித் தபாலில் போட்டுவிட்டு, என் பதில் வந்து சேரும்வரை மட்டும் அங்கேயே இரு. நான் உடனே பதில் போடுவேன். மறுபடி தோன்றினால் மறுபடி எழுது.

நன்றாக இரு, கண்ணு.

உன் அக்கா