முதுகு காட்டி நிற்கும் தெரு

மெர்சர், மினசோட்டா
அக்டோபர் 9

அன்பு மகள் ஐலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பனி நெருங்குகிறது என்று அப்பாவின் முழங்கால் மட்டும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது, அரிசோனா வெயிலில் நீயும் வாடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஊர்க்கூட்டமும் கல்யாணமும் நடக்கும் நம் மன்றம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். கடிதத்தின் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கம் உனக்கு உண்டு, அதனால் பதிலை நடுவில் வைத்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

மன்றத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணப்போவதாக நகரசபை சொன்னதும், மாநிலம் பைன் தெருவைப் பாரம்பரியப் பகுதியாக ஏற்றால் விட்டுவிடுகிறோம் என்று இறங்கி வந்ததும் உனக்குத் தெரியும். அதற்காகப் போன மாதம் தலைநகர் செயின்ட் பாலிலிருந்து ஹால்வர்சன் என்ற அம்மாள் பார்வையிட வந்தார். படித்தவர் இல்லையா, நம் வீட்டின் முன்கதவைத் தேடிப் பின்சந்துக்குப் போய்த் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். அந்தக் கதவுக்குப் பின்னால் மீனும் இறைச்சியும் உறையவைக்கும் நம் உறைபெட்டி நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு ஃபிராங்க் சூப்பன்தான் வேலிமேல் சாய்ந்துகொண்டு, அதை எங்கள் தாத்தா காலத்திலேயே யாரும் திறக்கவில்லை, அடுப்படிப் பக்கமாக வாருங்கள் என்று கூப்பிட்டாராம்.

மாலையில் மன்றத்தில் கூடினோம். கட்டிய இடத்தைவிட்டு நகர்ந்த கட்டடங்களை ஏற்பது அரிது, இந்தத் தெருவில் ஒன்றுகூட அசல் இடத்தில் இல்லையே என்று ஹால்வர்சன் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பாவும் நானும் கல்யாணத்தன்று நடனமாடிய தரை அது. நான் எழுந்தேன். பழைய ஊருக்கு அடியில் இரும்புத்தாது கிடைத்ததும் கம்பெனி எல்லோரையும் கிளப்பியதையும், வீடுகளை மரத்தடிகள்மேல் உருட்டி இந்த மேட்டுக்குக் கொண்டுவந்ததையும், சரியாகத் திருப்பி வைப்பதற்குள் பனி இறுகி, அவை வந்தவாக்கிலேயே தெருவுக்கு முதுகு காட்டி நின்றுவிட்டதையும் சொன்னேன். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, ஓர் உதாரணமும் சொன்னேன். ஒரு பிள்ளை பாதி வருஷத்தில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேருகிறாள், அதுவரை படித்ததெல்லாம் இல்லை என்று எந்த ஆசிரியராவது அவளை முதல் வகுப்பில் உட்கார வைப்பாரா? ஹால்வர்சன் தன் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு, "காலையிலேர்ந்து மூணு வீட்டுல தப்பான கதவைத் தட்டிட்டேன் டீச்சர். அதைத்தான் நான் முதல்ல எழுதியிருக்கணும்" என்றார்.

அவர் அப்படியே எழுதினார். வெள்ளிக்கிழமை முடிவு வந்துவிட்டது, மன்றத்தை இடிக்க மாட்டார்கள். இந்தத் தெரு நகர்ந்து வந்ததுதான் இதன் வரலாறு, திரும்பி நிற்கும் வீடுகளே அதற்குச் சாட்சி என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். மர வியாபாரிகளின் மாளிகைகளும் ஆற்றங்கரை மாவு ஆலைகளும் இருக்கும் பாரம்பரியப் பட்டியலில் இப்போது நம் அடுப்படிகளும் இருக்கின்றன, ஐலா. உங்க வீடு கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்குது என்று பிள்ளைகள் கேலி செய்ததும் நீ அழுதுகொண்டு வந்தாயே, அந்தக் கோபித்த வீடுதான். தெருப்பக்கம் வாசல் வெட்டச் சோம்பல்பட்டே காலத்தை ஓட்டிய ஃபிராங்க், தனக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பாரம்பரியப் பகுதி என்ற பெயர்ப்பலகையைக் கட்டடத்தின் முன்பக்கத்தில்தான் மாட்டவேண்டுமாம், ஆகவே அது பின்சந்தைப் பார்த்து நிற்கும், குப்பை வண்டிக்காரர் நன்றாகப் படிக்கலாம் என்கிறார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நீ எந்த ஊர் என்று அங்கே கேட்கிறார்கள், இங்கே வந்தாலும் விருந்தாளி மாதிரி இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மன்றத்தில் அந்த உதாரணத்தைச் சொல்லும்போது உன் முகம்தான் என் கண்ணில் நின்றது.

தண்ணீர் நிறையக் குடி. போகும்போதும் வரும்போதும் கடவுள் உன்னோடு இருக்கட்டும். மே மாதம் பலகை திறக்கிறார்கள், விடுப்புக்கு இப்போதே சொல்லிவை. அன்றைக்கு மட்டும் உறைபெட்டியை நகர்த்தி முன்கதவைத் திறக்க அப்பா சம்மதித்திருக்கிறார். அதன் வழியாக முதலில் உள்ளே வரப்போவது நீதான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா இர்மா