தேய்ந்த ரேகை

வியாழன். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள்.

இன்றும் மிஷின் சுமித்ராவின் கைரேகையை ஏற்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து கிரிவலப் பாதையில் குப்பை அள்ளுகிறவள். எந்த மாநிலக் கார்டுக்கும் இங்கே அரிசி உண்டு என்று அரசு உத்தரவு. என் ரேஷன் கடைச் சுவரில் நான்தான் அந்த நோட்டீஸை ஒட்டினேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் அள்ளி அள்ளி ரேகையே தேய்ந்துவிட்டது.

“கைய கழுவிக்கினு வாம்மா.”

“கழுவித்தான் வந்தேன், அண்ணா.”

வரிசை முணுமுணுத்தது. “நாளைக்கு வா” என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேன். காலிப் பையை மடித்துக்கொண்டு போனாள்.

பௌர்ணமியன்று கிரிவலம் போனபோது அன்னதானம் சாப்பிட்ட தட்டைப் பாதையிலேயே போட்டேன். மனைவி முறைத்தாள்.

“அள்றதுக்கு ஆள் இருக்காங்க” என்று சொன்னவனும் நான்தான்.