ஆவுடையம்மாள் கேட்ட ரசீது

கொச்சங்காடி,
மட்டாஞ்சேரி.
12.9.2025, வெள்ளி

தம்பி தங்கதுரைக்கு, பிச்சைமணி எழுதுவது.

செவ்வாய்க்கிழமை நார்வேயில் உங்கள் வேலையைச் சோதிக்க வந்த அந்த ஆபீசர் அம்மா போனில் கேட்டபோது, ஆட்களின் சம்பளத்திலிருந்து பணம் திருப்பி வாங்கியது மேஸ்திரி தங்கதுரைதான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். வாங்கியது நான். நான்கு மாதமாக, ஆறு பேர் வீட்டுப் பணத்தையும், என் கடையில் உட்கார்ந்து என் கையால் வாங்கினேன்.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் விஷயத்தை முதலில் எழுதிவிட்டேன்.

மூன்று நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான். எடுத்திருந்தால் இதையும் பேசியே சமாளித்திருப்பேன். முப்பது வருஷமாக வாயால் பிழைத்தவன் நான். இந்தத் தாளின் போட்டோ இன்றைக்கே உன் வாட்ஸ்அப்புக்கு வரும். கையெழுத்துப் போட்டது கூரியரில் வரும். இரண்டையும் அந்த மொழிபெயர்க்கிற பெண்ணிடம் கொடு. யாழ்ப்பாணத்துப் பெண்தானே, நம் எழுத்து படிப்பாள். ஆபீசருக்கு ஒரு வரி விடாமல் சொல்லட்டும். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் பழைய வீடு விற்கிறவன். இடிக்கப் போகிற மர வீட்டை வாங்கிக் கழற்றி, கப்பலில் ஏற்றி, வாங்குகிறவர் இடத்தில் மாட்டிக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு மரத்திலும் உளியால் அடையாளம் போடுவது தங்கதுரை. கழற்றிய கைதான் திரும்ப மாட்ட முடியும், வேறு ஆளுக்கு அந்த அடையாளம் பிடிபடாது. அதனால் மரத்தோடு ஆளும் போயாக வேண்டும். கோவாவுக்கும் உதய்ப்பூருக்கும் அப்படித்தான் போனோம். நார்வே இதுவே முதல் தடவை. பெர்கனுக்கு வடக்கே ஒரு ஓட்டல்காரருக்குப் நடுமுற்றம் வைத்த பாலக்காட்டு நாலுகெட்டு வீடு ஒன்று. ஆறு மாத வேலை.

போவதற்கு முன்பே காக்கநாட்டில் தன்யா என்ற வக்கீலிடம் காசு கொடுத்துத்தான் விசாரித்தேன். அந்தப் பெண் மூன்று பக்கம் எழுதித் தந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, பழைய கதவு விற்கிறவனுக்கு எதுக்கு மோளே இவ்வளவு பெரிய மருந்துச் சீட்டு என்று கேட்டேன். சேட்டா, கதவை விற்றால் கதவு வியாபாரம், அங்கே போய் ஆள் ஏறி நின்று கூரை போட்டால் அது கட்டட வேலை, ஆறு மாதமானாலும் ஆறு நாளானாலும் அந்த நாட்டுச் சட்டம்தான் என்றது. கம்பெனியை அங்கே பதிய வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் படம் போட்ட அட்டை கழுத்தில் தொங்க வேண்டும், தங்குமிடமும் போக்குவரத்தும் நம் செலவு, அந்த நாட்டு ஆளுக்கு என்ன கூலியோ அதற்குக் குறையக் கூடாது. பாதுகாப்புக்கு ஒரு பிரதிநிதி வேண்டும், அவரை முதலாளி வைக்கக் கூடாது, ஆட்களே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவு செய்தேன். அட்டை வாங்கினேன். கூலியும் தாளில் சரியாகவே போட்டேன், அந்த நாட்டுக் காசில் மணிக்கு இருநூற்று எழுபது குரோனர். அங்கே ஒரு மணி நேரக் கூலி இங்கே இரண்டு நாள் கூலி. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். லாபம் குறைந்தது என்று எரியவில்லை. லாபம் அப்போதும் இருந்தது. என் ஆள் இவ்வளவு வாங்குவதா என்று எரிந்தது.

பிரதிநிதி விஷயத்தில் உங்களை யாரும் கூட்டவில்லை. உன் பெயரை நானே எழுதி, உன் கையெழுத்தையும் நானே போட்டேன். இது உனக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரிந்திருக்கும். ஆட்கள் நம்பித் தேர்ந்தெடுத்தவனே ஆட்களை ஏய்த்தான் என்று அந்த அம்மா உன்மேல் அத்தனை கோபப்பட்டது அதனால்தான். உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை தம்பி. நான் மாட்டிவிட்டேன்.

கூலி பேசிய நாள் நினைவிருக்கும். இந்த மார்க்கெட்டில் பெரிய சரக்கு கை மாறும்போது துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். மேலே சொல்வது ஊருக்கு, அடியில் பிடிப்பது நமக்கு. மேலே இருநூற்று எழுபது குரோனர் என்று சத்தமாகப் படித்துக் காட்டினேன். துண்டுக்கு அடியில் நீ நான்கு விரல் கொடுத்தாய். ஒரு நாளைக்கு நாலாயிரம் ரூபாய். நான் அதில் ஒன்றை மடக்கினேன். நீ மறுபடி நீட்டவில்லை. சரி அண்ணாச்சி என்று சிரித்தாய். மீதிப் பணம் அங்கே உங்கள் பேங்கில் விழுந்து, இங்கே வீட்டுக்காரிகள் கணக்குக்கு வந்து, அவர்கள் எடுத்து என் கடையில் கட்ட வேண்டும். கேட்டால் முழுச் சம்பளமும் எங்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இரண்டு தடவை.

உங்கள் ஆறு பேரில் மாரிச்செல்வத்தைத் திட்டாதே. அவன் போனில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை அவன் வீட்டுக்காரி ரோஜா கணக்குக்குப் போவதைப் பார்த்து, இது எங்கே போகிறது என்று அந்த ஆபீசர் அம்மா கேட்டால் அவன் என்ன செய்வான்? திருப்பிக் கொடுக்கிற பணம் என்று வாயில் வந்துவிட்டது. யாரிடம் என்று கேட்டு எனக்குப் போன் வந்தது.

பயத்தில் உளறிவிட்டேன் என்று உனக்கு எழுதலாம். அது உண்மை இல்லை. மொழிபெயர்க்கிற பெண் கேள்வியைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நான் கணக்குப் போட்டுவிட்டேன். கம்பெனி பெயர் கெட்டால் இனி அந்தப் பக்கம் ஒரு கதவுகூட விற்க முடியாது. மேஸ்திரி பெயர் கெட்டால் ஊருக்கு அனுப்புவார்கள், இங்கே வந்தால் நான் பார்த்துக்கொள்ளலாம். மிளகு மூட்டைக்கு விலை போடுகிற மாதிரி உனக்கு விலை போட்டேன். சொல்லியும் விட்டேன்.

அப்புறம் அந்தப் பெண் உன்னிடம் திரும்பி, உங்கட முதலாளி சொல்றது சரியோ என்று கேட்டது எனக்குக் கேட்டது. அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாய். நீ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். மற்ற ஐந்து பேரும் பேச வாயெடுத்தார்களாம், நீ கையைக் காட்டி அடக்கினாயாம். மாரிச்செல்வம் ரோஜாவிடம் சொல்லியிருக்கிறான்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மறுநாள் புதன்கிழமை சம்பளத் தேதி. நடந்தது தெரியாமல் உன் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் வழக்கம்போல மஞ்சள் பையில் பணத்தோடு வந்தாள். நான் வாங்கினேன். முந்தின நாள் உன்னைக் காட்டிக்கொடுத்த அதே வாயால் உட்காரும்மா என்றேன், சாயா சொன்னேன், ஓணம் முடிந்தும் மழை விடவில்லையே என்று பேசினேன். அவள் குடித்துவிட்டுப் போனாள்.

நேற்று மறுபடி வந்தாள், ரோஜாவைக் கூட்டிக்கொண்டு. சாயா வேண்டாம் என்றுவிட்டாள். சத்தம் போடவில்லை. கடையில் இரண்டு ஏலக்காய்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் பேசினாள். நேத்து நான் குடுத்த பணத்துக்கு ஒரு ரசீது போட்டுக் குடுங்க அண்ணாச்சி என்றாள். இதற்கெல்லாம் என்ன ரசீதும்மா என்றேன். எங்க வீட்டுக்காரருதான் பணத்தை வாங்கினதா வெள்ளைக்காரிகிட்ட சொன்னீங்களாமே, அவரு வாங்கின பணம் கடல் தாண்டி வந்து உங்க பெட்டியில எப்படி ஏறிச்சுன்னு அந்தத் தாள்ல விவரமா எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கணும் என்றாள். ரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏலக்காய்க்காரர்கள் எழுந்து போனார்கள்.

ரசீது புத்தகத்தை எடுத்து தேதி போட்டேன். யாரிடமிருந்து என்ற இடத்தில் ஆவுடையம்மாள் என்று எழுதினேன். எதற்காக என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்த மார்க்கெட்டில் நான் எழுதாத பொய் ரசீது இல்லை, ஆனால் அந்த ஒரு வரிக்கு எந்தப் பொய்யும் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். நாளைக்கு வாம்மா, அந்த வரி ஒரு தாளுக்கு மேலே போகும் என்றேன். அவள் கேட்ட ரசீதுதான் இந்தக் கடிதம்.

இன்று காலையில் வந்து உட்கார்ந்து, நான் எழுத எழுதப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வயிறு எரிந்த இடத்தை அடித்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

அடுத்த வெள்ளிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் உன்மேல் போலீசுக்கு எழுதுவார்கள் என்று தன்யா சொல்கிறது. அது நடக்கக் கூடாது. நான் எழுதியதை நம்பவில்லை என்றால் என்னைக் கூப்பிடட்டும். விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன், வருகிறேன். என் மேல் என்ன எழுதினாலும் கட்டுகிறேன், கம்பெனியை அங்கே மூடச் சொன்னாலும் சரி. நீ மட்டும் எனக்காக இன்னொரு தடவை சரி அண்ணாச்சி என்று சொல்லிவிடாதே. கையெடுத்துக் கேட்கிறேன்.

கூரையை மூடாமல் வேலை நிற்கிறது என்று தெரியும். கூரையின் கைமரம் நனைந்தால் நனையட்டும். அதற்காக நீ தனியாக மேலே ஏறாதே. திரும்ப ஏறுவதா, ஊருக்கு வருவதா என்பதை உங்கள் ஆறு பேரிடமே விட்டுவிட்டேன். பிரதிநிதி யார் என்பதையும் நீங்களே கூடிச் சொல்லுங்கள். உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராது. வாழ்த்துகிற யோக்கியதை இல்லாவிட்டாலும் வாழ்த்துகிறேன்.

உன் சார்பில் ஆவுடையம்மாள் பேசி முடித்தது இது. துண்டு போடவில்லை, கடைவாசலில் வைத்துப் பேசினோம். இதுவரை வாங்கிய நாற்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரமும் திங்கட்கிழமைக்குள் ஆறு வீட்டுக் கணக்கிலும் பேங்க் வழியாக ஏறும், ரொக்கம் கிடையாது. இனி வேலை நடந்தால் மணிக்கு இருநூற்று எழுபது குரோனர், நேரம் கூடினால் அதற்கு மேல் நாற்பது சதவீதம், வேலை நிற்கிற நாளுக்கும் கூலி உண்டு, தங்குமிடமும் வண்டியும் கம்பெனி செலவு. திருப்பித் தர வேண்டியது ஒரு பைசாவும் இல்லை.

இப்படிக்கு,
பிச்சைமணி

சாட்சி: ஆவுடையம்மாள்