சுண்ணாம்பு அடித்த மரங்கள்

புரட்டாசி, செவ்வாய் இரவு.

மகள் வீட்டிலிருந்து இன்றுதான் திரும்பினேன். ஓடை கண்மாயில் சேரும் இடத்தில் நாங்கள் வளர்த்த மருதமும் புங்கமும் அடியோடு போயிருக்கின்றன. மண் சரிந்து கண்மாய் மேடாகாமல் காத்தவை அவைதான். கண்மாய் நிறைந்தால்தான் ஊர்க் கிணறு ஊறும்.

கரிமூட்டம் போட வருபவர்கள் சீமைக்கருவேலத்தை மட்டும் வெட்டட்டும் என்று மற்ற மரங்களுக்கு அடையாளமாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனேன். வாளியைப் பிடித்தவர் மாடசாமி அண்ணாச்சி. காவலுக்கு நிற்கிறேன் என்றவரும் அவரே.

"கரிக்காரவிய தெரியாம சேத்து வெட்டிட்டாவ. நான் என்ன செய்ய?" என்றார்.

வீட்டில் மனைவி சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். விறகு ஏது என்று கேட்டேன்.

"அண்ணாச்சி போன வாரம் கொண்டாந்து போட்டாவ. ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரு கட்டு."

அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டையில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன்.